கம்பனி விழும்போது யார் விழுகிறார்கள்?

2025 ஜூன் 1ஆம் திகதியோடு ஹட்சன்ஸ் பே கம்பனியின் கடைசிக் கடைகளும் மூடப்பட்டன. பியர்பொன்ட்ஸில் வளர்ந்த எங்களில் பலருக்கு அது பேர்வியூ மோலில் இருந்த பெரிய கடை. குளிர்கால ஜக்கெட் எப்போது மலிவு விற்பனைக்கு வரும் என்று அம்மாமார் காத்திருந்த கடை. 1670இல் தொடங்கிய ஒரு கம்பனி 355 வருடங்களுக்குப் பிறகு வங்குரோத்து ஆனது பெரிய செய்திதான். பத்திரிகைகள் எல்லாம் அதை ஒரே மாதிரி எழுதின: எப்படி எழுந்தது, எப்படி விழுந்தது.

எனக்கு இந்த எழுச்சி-வீழ்ச்சிக் கதைகளில் ஒரு சலிப்பு உண்டு. அவற்றில் கம்பனிதான் கதாநாயகன். கம்பனி பிறக்கும்போது கதை தொடங்குகிறது, அது சாகும்போது கதை முடிகிறது. அதற்குள் வேலை செய்தவர்கள் எண்ணிக்கையாக ஒரு வரியில் வந்து போவார்கள். ஹட்சன்ஸ் பே விழுந்தபோது 8000க்கும் அதிகமானோர் வேலை இழந்தார்கள். கம்பனி கொடுக்க வேண்டிய விலகல் பணம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு ஜூன் 1 கதையின் முடிவா, தொடக்கமா?

இதே கேள்வியை எங்கள் சொந்த வரலாற்றில் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இலங்கை மலைநாட்டில் ஒரு தோட்டத்தை இரண்டு ஜேர்மன் சகோதரர்கள் தொடங்கினார்கள். அது ஒரு லண்டன் கம்பனியின் கைக்குப் போனது. அந்தக் கம்பனியும் விழுந்தது. அந்த மண்ணில் வேலை செய்த தமிழர்களின் கதை இன்றுவரை முடியவில்லை.

பிராங்பேர்ட்டிலிருந்து புசல்லாவைக்கு

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் விழுந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1840இல் ஒரு சட்டம் வந்தது. தங்களுடையது என்று காட்டப் பத்திரம் இல்லாத காட்டு நிலமெல்லாம் முடிக்குரியது என்று அது சொன்னது. கண்டிய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த, விறகு எடுத்த, சேனை செய்த காடுகள் இப்படித்தான் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களே நிறையப் பேர்.

அந்த நேரத்தில் வந்தவர்கள்தான் கேப்ரியல் வோம்ஸ், மொரிஸ் வோம்ஸ் என்ற சகோதரர்கள். பிராங்பேர்ட்டைச் சேர்ந்த யூதக் குடும்பம். அவர்களின் தாயார், புகழ்பெற்ற வங்கிக் குடும்பத்தைத் தொடங்கிய மேயர் அம்ஷெல் ரொத்சைல்டின் மகள். அதனால்தான் புசல்லாவையில் அவர்கள் உருவாக்கிய தோட்டத்துக்கு ரொத்சைல்ட் என்று பெயர். இன்றைக்கும் அந்தப் பெயர் அங்கே இருக்கிறது. 1841இல் மொரிஸ் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து அங்கே நட்டார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முந்திய கதை இது.

அப்போது ஜேர்மனி என்று ஒரு நாடு கிடையாது. அது ஒன்றானது 1871இல்தான். வோம்ஸ் சகோதரர்கள் பிரித்தானியக் கொடியின் கீழ் தோட்டம் நடத்திய ஜேர்மன் முதலாளிகள். பணத்துக்குக் கொடி முக்கியமில்லை என்பதற்கு அவர்களே நல்ல உதாரணம். நிலம் மலிவாக எங்கே கிடைக்கும், ஆள் மலிவாக எங்கிருந்து வரும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்த இடத்தில் பணம் இறங்கியது.

ஆள் வந்தது தமிழ்நாட்டிலிருந்து. பஞ்சமும் சாதியும் நிலமில்லாமையும் துரத்திய குடும்பங்கள் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கின. அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தன. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கும் இல்லை, கல்லறையும் இல்லை.

இரண்டு விதமான கடன்

1860களில் வோம்ஸ் சகோதரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பினார்கள். வாங்கியது லண்டனில் இருந்த 'சிலோன் கம்பனி லிமிட்டெட்'. இந்த 'லிமிட்டெட்' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். எத்தனையோ கடைப் பலகையில் பார்த்திருப்போம், என்ன என்று கேட்டிருக்க மாட்டோம்.

அதன் அர்த்தம் வரையறுக்கப்பட்ட பொறுப்பு. ஒரு கம்பனியில் நீங்கள் 100 பவுண் பங்கு வாங்கினால், அந்தக் கம்பனி இலட்சக்கணக்கில் கடன்பட்டு விழுந்தாலும் நீங்கள் இழப்பது அந்த 100 பவுண் மட்டும்தான். உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்ட முடியாது. பிரித்தானியா இதை 1855இல் சட்டமாக்கியது. 1862இல் ஒரு முழுமையான கம்பனிச் சட்டமும் வந்தது.

மூன்றே வருடங்கள் கழித்து, 1865இல் இலங்கையில் ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்படி, ஒப்பந்தம் முடியாமல், அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போகும் தொழிலாளி குற்றவாளி. அவரைச் சிறையில் போடலாம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1862: முதலாளி விலகிப் போகலாம், அவருடைய கடனுக்கு எல்லை உண்டு. 1865: தொழிலாளி விலகிப் போனால் மறியல்.

தொழிலாளியின் கடன் எங்கிருந்து வந்தது? கங்காணி ஊரிலேயே முற்பணம் கொடுப்பார். பிரயாணச் செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் அந்தக் கணக்கில் ஏறும். பின்னாளில் இது 'துண்டு' முறையாக வளர்ந்தது. இந்தத் தொழிலாளி இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் காகிதம்தான் துண்டு. புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். அந்தத் தொகை மறுபடியும் தொழிலாளியின் தலையில்தான். ஒரு மனிதர் தன் கடனோடு சேர்த்துக் கைமாறினார். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கோப்பியில் துரு

1869இல் இலங்கைக் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி போல ஒரு பூஞ்சணம் தெரிந்தது. கோப்பித் துரு. முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை, ஏனென்றால் விலை ஏறிக்கொண்டிருந்தது. நோயோடேயே இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பி போட்டார்கள். 1870களின் கடைசியில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டி நின்றது. ஒரே பயிர், மலைக்கு மலை தொடர்ச்சியாக. பூஞ்சணத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்க் 1884இல் மூடப்பட்டது. அந்த வங்கியின் தாள்கள் நாட்டில் காசாகப் புழங்கியவை. ஆகவே ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்து நெருக்கடியைத் தணித்தார். (இதே கோர்டன் முன்பு எங்கள் நியூ பிரன்சுவிக்கில் ஆளுநராக இருந்தவர். பிறகு பிஜித் தீவில் ஆளுநராக இருந்தபோதுதான் அங்கே இந்தியக் கூலிகளை ஏற்றி முதற் கப்பல் 1879இல் போனது. பேரரசு எவ்வளவு சின்ன ஊர் பாருங்கள்.) மலையில் சம்பளப் பாக்கி மாதக்கணக்கில் நின்றது. பல தொழிலாளர்கள் வந்த வழியே வெறுங்கையோடு தமிழ்நாட்டுக்கு நடந்தார்கள்.

சிலோன் கம்பனியும் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் அது எப்படி விழுந்தது என்று கவனியுங்கள். 1887இல் அதன் தோட்டங்கள் 'ஈஸ்டர்ன் புரொடியூஸ் அண்ட் எஸ்டேட்ஸ்' என்ற புதிய கம்பனியின் கைக்குப் போயின. பழைய கடன்கள் பழைய பெயரோடு போயின. நிலம், தொழிற்சாலை, லயம், லயத்தில் இருந்த சனம் எல்லாம் புதிய பெயரோடு வந்தன. கோப்பி மரம் பிடுங்கிய இடத்தில் தேயிலை நட்டார்கள். ஈஸ்டர்ன் புரொடியூஸ் என்ற பெயரை இன்றும் கென்யா, மலாவித் தேயிலைத் தோட்டங்களில் பார்க்கலாம்.

என் பார்வையில் இதில் மிக முக்கியமான விஷயம் இனித்தான் வருகிறது. கோப்பி பருவப் பயிர். அறுவடைக்கு வந்து, வேலை முடிய ஊருக்குத் திரும்பியவர்கள் ஏராளம். தேயிலைக்குப் பருவமே இல்லை. வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பத்தோடு ஆட்கள் தோட்டத்திலேயே இருக்க வேண்டும். ஆக, கோப்பிக் கம்பனிகளின் 'வீழ்ச்சி' என்று புத்தகங்கள் சொல்லும் அந்த வருடங்களில்தான் மலையகத் தமிழர் என்ற சமூகம் அந்த மண்ணில் நிரந்தரமாக வேர்விட்டது. ஒரு கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் ஒரு மக்களின் முதல் பக்கமாக இருந்திருக்கிறது.

சமோவாவிலும் இதே கதை

இது பிரித்தானியருக்கு மட்டும் உரிய தந்திரம் என்று நினைக்க வேண்டாம். பசிபிக்கில் சமோவாத் தீவுகளைப் பாருங்கள். ஹம்பேர்க் நகரின் கொடெஃப்ரொய் குடும்பம் 1850களிலிருந்து அங்கே கொப்பறா வியாபாரம் செய்தது. தென்னந்தோட்டங்களைப் போட்டது. பசிபிக்கின் மற்றத் தீவுகளிலிருந்து ஆட்களை ஒப்பந்தத்தில் ஏற்றி வந்தது. 1878இல் அந்தச் சொத்துக்களை ஒரு புதிய கம்பனிக்கு மாற்றினார்கள். பெயர், தென்கடல் தீவுகளுக்கான ஜேர்மன் வர்த்தக, தோட்டக் கம்பனி. அடுத்த வருடம் கொடெஃப்ரொய் நிறுவனம் வங்குரோத்து. தோட்டங்கள் தப்பின. அரசாங்கப் பணத்தால் அதைத் தாங்கிப்பிடிக்க பிஸ்மார்க் முயன்றார். ஜேர்மன் நாடாளுமன்றம் 1880இல் முடியாது என்றது. அதையும் தாண்டிக் கம்பனி வாழ்ந்தது.

1900இல் சமோவா ஜேர்மன் குடியேற்றமானது. 1914இல் போர் தொடங்கியதும் நியூசிலாந்துப் படை வந்து இறங்கியது. கம்பனியின் நிலங்கள் போர் நட்டஈடாக நியூசிலாந்து அரசின் தோட்டங்களாயின. எழுச்சி, வீழ்ச்சி, முற்றும். ஆனால் தென்னைகள் அதே இடத்தில் நின்றன. மெலனேசியத் தொழிலாளர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். போகாமல் நின்ற சிலரின் பேரப்பிள்ளைகள் இன்றும் சமோவாவில் வாழ்கிறார்கள். அவர்களை அங்கே 'தமா உலி' என்பார்கள். கறுப்புப் பையன் என்று அர்த்தம். கம்பனி போய் நூறு வருடத்துக்கு மேலாகிறது. அது ஒட்டிய பெயர் இன்னும் போகவில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பெயர்

இங்கேதான் எங்கள் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. மொன்றியலில் வளர்ந்த எங்களில் பெரும்பாலோரின் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள். எங்கள் வீடுகளிலும் ஒரு 'தமா உலி' உண்டு. 'தோட்டக்காட்டான்'. யாராவது நாகரிகமில்லாமல் நடந்தால், சத்தமாகக் கதைத்தால், உடுப்பு நிறம் பொருந்தாவிட்டால் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் சொல். இந்தச் சொல்லின் பின்னால் இருப்பது ஒரு கம்பனியின் கணக்குப் புத்தகம் என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1948இல் சுதந்திர இலங்கை போட்ட ஆரம்பச் சட்டங்களில் ஒன்று குடியுரிமைச் சட்டம். அது ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. இந்தக் கேள்வியில்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்தது. 1949இல் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கனடாவிலும் இப்படி ஒன்று நடந்தது. 1870இல் ஹட்சன்ஸ் பே கம்பனி தன் பெரும் நிலப்பரப்பை 3,00,000 பவுணுக்குக் கனடாவுக்குக் கொடுத்தபோது, அங்கே வாழ்ந்த முதற்குடி மக்களிடமும் மெற்றி மக்களிடமும் யாரும் கேட்கவில்லை.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் தேசியமயமாயின. வெள்ளைக் கம்பனிகள் போயின. 1992இல் மறுபடியும் 22 பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது. பலகை எத்தனையோ தடவை மாறியது. லயம் மாறவில்லை. காலைப் பெரட்டு மாறவில்லை. இத்தனை கை மாறியும் வீட்டு நிலத்துக்கு ஓர் உறுதிப்பத்திரம் இல்லாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்னும் அதே வரிசை அறைகளில் இருக்கின்றன. நாட்சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று வருடக்கணக்காகப் போராடி, அது 2021இல்தான் வந்தது. 2024இல் 1350 ரூபாய். அன்றைய மாற்று வீதத்தில் ஏறத்தாழ 6 கனடிய டொலர். கியூபெக்கில் 2025 மேயில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 16.10 டொலராக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஓடிவந்த பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. 2009இல் முள்ளிவாய்க்கால்வரை நடந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். மே 18இல் விளக்கேற்றும்போது நாங்கள் நினைப்பவர்களில் கோப்பிக்கும் தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காக அழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து அவர்களின் பெயரைப் பகிடியாகச் சொல்ல முடியாது.

'கம்பனி என்றாலே கெட்டதா?'

சிலர் கேட்பார்கள்: அந்தக் கம்பனிகள் ரயில் பாதை போட்டன, வீதி போட்டன, முதலாளிமாரும் பணத்தை இழந்தார்கள், சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள், நீ ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறாய். உண்மை, கோப்பியில் கடன்பட்டு அழிந்த துரைமாரும் இருந்தார்கள். ரயிலும் வந்தது. அது கோப்பி மூட்டை இறக்க வந்தது, ஆனாலும் இன்று எல்லாரும் ஏறுகிறார்கள். வரையறுக்கப்பட்ட பொறுப்பும் கெட்ட சட்டம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பெற்றோர் பலர் அந்தப் பாதுகாப்போடுதான் இங்கே சிறு கடைகளையும் உணவகங்களையும் தொடங்கினார்கள். கடை நட்டப்பட்டாலும் பிள்ளைகளின் வீடு போகாது என்ற தைரியம் நல்லதுதான்.

நான் கேட்பது அந்தப் பாதுகாப்பு ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடைத்தது என்பதை. விழுந்தால் எழும்ப முதலாளிக்கு ஒரு சட்டம் கிடைத்தது. அதே வருடங்களில் தொழிலாளிக்கு விழவும் உரிமை இல்லை, விலகவும் உரிமை இல்லை. ஒரு முதலாளி வங்குரோத்தானால் அது 'துணிந்து செய்த முயற்சி'. ஒரு கூலி கடன்பட்டால் அது அவருடைய பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு பட்டப்பெயர்.

நீங்கள் கல்லூரியில் பொருளாதாரமோ வணிகமோ படிக்கலாம். நாளைக்கு ஒரு கம்பனியில் வேலைக்குப் போகலாம், சொந்தமாக ஒன்று தொடங்கலாம். எந்தக் கம்பனியின் எழுச்சி-வீழ்ச்சிக் கதையை வாசித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இது விழுந்த அன்று நிலம் யாருடைய கைக்குப் போனது? இதன் கடனில் எந்தப் பகுதி சட்டத்தால் அழிந்தது, எந்தப் பகுதி மனிதர்மேல் ஏறியது? இதற்கு வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே, எந்தப் பெயரோடு இருக்கிறார்கள்?

வீட்டில் செய்யக்கூடியது இன்னும் சுலபம். 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே பழைய வழியில் பல நாட்கள் நடந்தார்கள். அவர்கள் தங்களை அழைத்த பெயர் மலையகத் தமிழர். இனி மேசையில் யாராவது அந்தப் பழைய சொல்லைச் சொன்னால், சிரிக்காமல் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். பெரியம்மா முகம் சுளித்தால் சுளிக்கட்டும். துண்டுக் காகிதத்தைச் சட்டம் 1921இலேயே கிழித்துவிட்டது. அந்தச் சொல்லைக் கிழிக்கச் சட்டம் வராது, அதை நாங்கள்தான் செய்ய வேண்டும்.